"கூகுளில் இருந்து பேசுகிறோம், இன்றே பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மேப்பில் இருந்து போய்விடும்" என்கிறார்கள். கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டாம். கூகுள் மேப்பில் கடையைச் சேர்க்கவும் சரிபார்க்கவும் கட்டணம் கிடையாது. வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்கும் ஏற்பாடும் இல்லை. கடை திறக்கும் நேரத்தைக் கேட்டு கூகுளின் தானியங்கி அழைப்பு வருவதுண்டு. அதில் பணப் பேச்சே வராது.

"முதல் இடத்தில் கொண்டுவந்து விடுகிறோம்" என்பதும் வெறும் பேச்சுதான். தேடும் சொல்லுக்கு உள்ள பொருத்தம், தூரம், கடையின் பிரபலம் இந்த மூன்றையும் வைத்தே வரிசை அமைகிறது, காசு கொடுத்து மாற்ற முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. காசு கொடுத்து மேலே வருவது விளம்பரம் மட்டுமே.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து, "ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க சார்" என்று கேட்கிறார்களே, அதில் இருக்கிறது. அது சரிபார்ப்பு எண்ணாக இருந்தால், சொன்ன மறு நிமிடமே கடைப் பதிவு அவர்கள் கைக்குப் போய்விடலாம். போன் நம்பரை மாற்றிவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய ஆர்டரெல்லாம் வேறு யாருக்கோ போகும். பதிவைத் திருப்பித் தர மறுபடியும் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே யாருக்காவது அனுமதி கொடுத்திருந்தால், பதிவின் அமைப்புகளில் உரிமையாளர், மேலாளர் பட்டியலை இன்றே பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவரால் முதல் 7 நாள் மற்றவர்களை நீக்க முடியாது. அந்த வாரத்துக்குள் தெரியாத பெயரை எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது "ஒரே ஒரு ரூபாய் அனுப்புங்கள், கணக்கு சரிதானா என்று பார்க்கத்தான்" என்பது. வரும் திரையில் ஆட்டோபே (கணக்கிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஏற்பாடு) என்றோ, அதிகபட்சத் தொகை, மாதம் ஒருமுறை என்றோ இருந்தால் பின் நம்பரைப் போடாதீர்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டால், 15,000 ரூபாய் வரையிலான தவணைகள் மறுபடி பின் கேட்காமலே போகும். போட்டுவிட்டீர்களா? யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியில் நீங்களே ரத்து செய்யலாம். திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் அங்கேயே அழைப்பைத் துண்டியுங்கள்.

பேசுபவர் உண்மையான விளம்பர நிறுவனம்தானா என்று பார்க்க, ஜிஎஸ்டி எண்ணோடு கொட்டேஷனை மெயிலில் அனுப்பச் சொல்லுங்கள். 15 இலக்க எண். தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் அதைப் போட்டால் பெயரும், பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரியும். நிறுவனத்தின் பெயர் ஒன்று, பணம் கேட்கும் யுபிஐ கணக்கின் பெயர் வேறு என்றால் விட்டுவிடுங்கள். "சலுகை இன்று மாலை வரைதான்" என்று அவசரப்படுத்துவது, இதையெல்லாம் நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அழைப்பது, அடுத்தது வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறும் முன் முடக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் போகாமல் தொல்லை மட்டும் என்றால், அதற்கும் வழி உண்டு. விளம்பர அழைப்புகள் 140இல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்ததை 7 நாளுக்குள் 1909இல் புகார் செய்யலாம்.

நல்ல ஏஜென்சி கிடைத்தாலும் விளம்பரக் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் பெயரில் இருக்கட்டும். விளம்பரப் பணம் நேராக கூகுளுக்குப் போகட்டும், அவர்கள் கூலிக்குத் தனி பில் வாங்குங்கள். கடைப் பதிவில் அவர்களுக்கு மேலாளர் அனுமதி போதும்.