நிலவியல் படித்த மகளை மாதிரிச் சோதனை வேலைக்கு அனுப்பலாமா?

அம்மா, நிலவியலில் முதுகலை முடித்த மகளுக்குக் கனிம ஆய்வு நிறுவனத்தில் மாதிரிகளின் தரக் கட்டுப்பாட்டு வேலை கிடைத்திருக்கிறது. கல் மூட்டை எண்ணவா இவ்வளவு படித்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் அனுப்புங்கள்.

ஓரிடத்தில் சுரங்கம் தோண்டலாமா என்பதைத் துளையிட்டு எடுத்த கல்தான் தீர்மானிக்கிறது. தங்கமென்றால், அந்தக் கல்லையும் அரைத்து, பெரும்பாலும் 30 அல்லது 50 கிராம் பொடியைத்தான் ஆய்வகம் உருக்கிப் பார்க்கும். தங்கம் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. பெரிய துகள் ஒன்று அந்தப் பொடிக்குள் வந்துவிட்டால் கணக்கு எகிறும். வராவிட்டால் நல்ல தாதுவும் வெறுங்கல்லாகத் தெரியும்.

இந்த எண்ணை நம்பலாமா என்று சொல்வதுதான் உங்கள் மகளின் வேலை. தங்கமே இல்லாத 'பிளாங்க்', அளவு முன்பே உறுதியான 'ஸ்டாண்டர்ட்', ஒரே கல்லிலிருந்து எடுத்த 'டூப்ளிகேட்' மூன்றையும் அடையாளம் காட்டாமல் மற்ற மாதிரிகளோடு கலந்து ஆய்வகத்துக்கு அனுப்புவாள். பிளாங்கில் தங்கம் வந்தால், முந்தைய மாதிரியின் தூசி அரவை இயந்திரத்தில் ஒட்டியிருந்ததா என்று முதலில் பார்ப்பாள். துளையிலிருந்து கல் முழுதாக மேலே வந்ததா என்பதும் அவள் கணக்கு. நொறுங்கி நழுவிப்போன பகுதியிலேயே தாது இருந்திருக்கலாம் அல்லவா?

இதில் அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியாவில் தங்கம் தேடிய புசாங் என்ற இடம் போதும். துளைக் கல்லில் பாதியைச் சாட்சிக்கு எடுத்துவைப்பது வழக்கம். பிரீ-எக்ஸ் என்ற கனடிய நிறுவனம் அங்கே கிட்டத்தட்ட முழுக் கல்லையும் பொடித்து அனுப்பியது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருந்தது 1997இல் அம்பலமானது; பங்குகள் காகிதமாயின. கனிம நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கைகளுக்காக 2001இல் கனடா கொண்டுவந்த 43-101 விதிக்கு அந்த மோசடியே முக்கியத் தூண்டுதல்.

அந்த விதியிலும் அதேபோன்ற ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதியிலும், கனிம இருப்பு அறிக்கைக்குப் பொறுப்பேற்கக் குறைந்தது 5 ஆண்டு பொருத்தமான அனுபவமும் தொழில்முறை அமைப்பில் உறுப்பினர் தகுதியும் வேண்டும். மாதிரியின் குறைநிறை கைவந்தவர்கள் அந்த இடத்துக்குப் போகும்போது தடுமாறுவதில்லை. நேராகத் தாது இருப்பைக் கணினியில் வடிவமைக்கும் வேலையில் உட்கார்ந்தவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. புள்ளியியலை மட்டும் அவள் விடாமல் படிக்கட்டும்.

சேரும் முன் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: ஸ்டாண்டர்டின் அளவு தவறாக வந்தால், அதோடு அனுப்பிய மாதிரித் தொகுதி முழுவதையும் மறுசோதனைக்கு அனுப்பும் அதிகாரம் யாருக்கு? துளையிடும் வேகத்துக்குப் பொறுப்பானவரே அதையும் முடிவு செய்கிறார் என்றால் வேறு நிறுவனம் பார்க்கலாம்.