'வாரியர்' போர்க்கப்பல்: கேள்வி பதில்

1860 டிசம்பர் 29-ல் தேம்ஸ் கரையில் நீரில் இறக்கப்பட்ட, இரும்பு உடல் கொண்ட பிரிட்டிஷ் நீராவிப் போர்க்கப்பலைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: நீராவி எஞ்சின் இருக்கும்போது மூன்று பாய்மரங்கள் எதற்கு?

நிலக்கரிதான் காரணம். 850 டன் ஏற்றினாலும், 11 நாட் (மணிக்கு 11 கடல் மைல்) வேகத்தில் சுமார் 2,100 கடல் மைல்தான் போகும். மீதித் தூரத்துக்குக் காற்றுதான். ஆனால் பாயில் ஓடும்போது சும்மா நிற்கும் புரொப்பல்லர் (நீரைத் தள்ளும் சுழல்விசிறி) கப்பலைப் பின்னுக்கு இழுக்கும். அதனால் எஞ்சினை நிறுத்தி, இரண்டு இதழ்களும் செங்குத்தாக நிற்கும்படி தண்டைத் திருப்பி, இணைப்பைக் கழற்றி, பின்பக்கத்தில் கிணறுபோல் விட்ட திறப்பு வழியாகக் கயிற்றால் மேலே தூக்குவார்கள். இதழ் சாய்ந்து நின்றால் கிணற்றுக்குள் வராது. இழுக்க 600 பேர் வேண்டும்; கப்பலில் இருந்ததே 700 சொச்சம் பேர். புகைபோக்கிகளையும் தொலைநோக்கிக் குழல்போல் உள்ளே இறக்கிவிடுவார்கள்.

கேள்வி: நான்கரை அங்குலக் கவசம் என்றால் எந்தக் குண்டும் துளைக்காதுதானே?

கவசம் நடுவில் 213 அடிக்கு மட்டும்தான். இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் 18 அங்குலத் தேக்கு. முன்முனை, பின்முனை, சுக்கான் இயங்கும் பகுதி எல்லாம் கவசமின்றித் திறந்தே கிடந்தன. படத்தைப் பார்த்து முழுக் கவசம் என்று எழுதாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் முழுக் கவசம் போட்ட பிரெஞ்சுப் போர்க்கப்பல் 'குளுவார்' தானே மேல்?

முனைக் கவசத்தில் மட்டும் மேல். குளுவாரின் உடல் மரம். பீரங்கி வாய்களும் நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்தன. அலை எழும்பினால் அவற்றைத் திறக்க முடியாது. வாரியர் 14 நாட் தாண்டியது.

கேள்வி: விடமாட்டேன். சுக்கானில் ஒரு குண்டு பட்டால் அந்த 14 நாட் எதற்கு ஆகும்?

நியாயமான கேள்வி, அது உண்மையான குறைதான். 420 அடி நீளக் கப்பல், சுக்கான் நன்றாக இருக்கும்போதே மெதுவாகத்தான் திரும்பும். ஆனாலும் வேகமான கப்பல்தான் சண்டையின் தூரத்தைத் தீர்மானிக்கும். குளுவாரை 1879-லேயே கடற்படைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். வாரியர் இன்றும் மிதக்கிறது.

கேள்வி: ஆம்ஸ்ட்ராங் பீரங்கியை ஏன் கைவிட்டார்கள்?

வாரியரில் பின்புறம் குண்டு போடும் 110 பவுண்டர்கள் (110 பவுண்டு எடைக் குண்டைச் சுடும் ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள்) பத்து இருந்தன. பின்னாலிருக்கும் திருகை இறுக்கி, மூடித்துண்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். திருகு தளர்ந்திருந்தால் வெடிப்பில் மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும். 1863-ல் ஜப்பானின் ககோஷிமா மீது நடந்த தாக்குதலில் வேறு பிரிட்டிஷ் கப்பல்களின் 21 ஆம்ஸ்ட்ராங் பீரங்கிகள் 365 முறை சுட்டதில் 28 கோளாறுகள். 1867-க்குள் வாரியருக்கு வாய்வழியாகக் குண்டு போடும் பீரங்கிகளே வந்துவிட்டன.

கேள்வி: எத்தனை போர்களில் வென்றது?

ஒன்றிலும் சண்டையிடவில்லை. இதே கேள்வி மூன்றாம் முறை வருகிறது, இனி பதில் கிடையாது.

கேள்வி: போர்ட்ஸ்மவுத்தில் இருக்கும் எஞ்சின் அசலா?

இல்லை, மாதிரி. மறுபடியும் சொல்கிறேன், பார்ப்பதையெல்லாம் அசல் என்று நம்பாதீர்கள். 1929 முதல் கப்பல் வேல்ஸில் எண்ணெய் ஏற்றும் மிதவைத் துறையாகக் கிடந்தது. 1979-ல் ஹார்ட்டில்பூலுக்கு இழுத்துப்போய்ப் புதுப்பித்து, 1987-ல் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுவந்தார்கள். அசலைப் பார்க்க வேண்டுமென்றால் இரும்பு உடலைப் பாருங்கள்.