பூசணி கேட்டால் எது வரும்? – வாகனக் கேள்வி பதில்

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்கினால் பழைய கார்களைப் பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் பல, அமெரிக்க ஹொட் ரொட் (வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார்) பிரியர்கள் கார் பாகங்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களைப் பற்றியவை. நம்மவர்களின் மொரிஸ், ஒஸ்டின் கார்களுக்கும் உதவக்கூடிய கேள்விகளைத் தேர்ந்து பதில் தருகிறோம்.

கேள்வி: அமெரிக்க வீடியோக்களில் ‘ஃபிளெட்ஹெட்’, ‘டியூஸ்’ என்று ஓயாமல் சொல்கிறார்கள். எங்கள் தாத்தாவின் 1951 மொரிஸ் மைனரும் ஃபிளெட்ஹெட்தான் என்கிறார் கராஜ் பாஸ். உண்மையா? மேட்டில் அது கொதிப்பதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?
– பண்டாரவளை வாசகர்

பதில்: பாஸ் சொன்னது சரி. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், எஞ்சினின் உடலான புளொக்கிலேயே இருந்தால் ஹெட் வெறும் தட்டையான மூடிதான். அதனால்தான் அந்தப் பெயர். ஹொட் ரொட் உலகில் அந்தப் பெயரைச் சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது 1932இல் ஃபோர்ட் வெளியிட்ட வி8 எஞ்சின்: 221 கன அங்குலம், 65 குதிரைவலு. அந்த ஆண்டுக் காருக்கே ‘டியூஸ்’ என்று பெயர். சீட்டாட்டத்தில் இரண்டாம் இலக்கச் சீட்டை அப்படிச் சொல்வார்கள், 1932இன் கடைசி எண்ணும் இரண்டு. உங்கள் மைனரின் 918 சிசி எஞ்சினும் பக்க வால்வு வகையே. நான்கு சிலிண்டர் என்பதால் அவர்கள் ‘ஃபோர் பேங்கர்’ என்றும் சொல்லக்கூடும்.

ஃபோர்ட் வி8 சூடாவதற்குக் காரணம், எரிந்த புகை வெளியேறும் வழி புளொக்கின் தண்ணீர் அறைகளுக்கு ஊடாகப் போவது. உங்கள் காரின் காரணம் வேறு. அந்த மொடல் வெளிவந்தபோது அதற்குத் தண்ணீர் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி ரேடியேட்டரின் தலைக்குப் போகும்; ஆறியது கீழே இறங்கி எஞ்சினுக்குத் திரும்பும். மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் வாய்க்குக் கீழே தண்ணீர் மட்டம் இறங்கினால் இந்தச் சுற்று அறுந்துவிடும். ரேடியேட்டரில் முக்கால் பங்கு தண்ணீர் இருக்கும், எஞ்சின் மட்டும் கொதிக்கும். நுவரெலியா உயரத்தில் (1868 மீற்றர்) திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஏற்றத்துக்கு முன் எஞ்சின் ஆறியிருக்கும்போதே மட்டத்தைப் பாருங்கள். கீழ் ஹோஸைக் கழற்றி, தெளிந்த நீர் வரும்வரை ரேடியேட்டரை எதிர்த்திசையில் கழுவுங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்குங்கள். வலு கூட்டுவதற்காக ஹெட்டை அரைக்க யாராவது சொன்னால், முதலில் வால்வின் மேல் களிமண் உருண்டை வைத்து ஹெட்டை மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, வால்வுக்கு மேல் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். இந்த வகை எஞ்சினில் வால்வு ஹெட்டை நோக்கியே எழும்புகிறது. இடம் போதாவிட்டால் நேரே போய் முட்டும்.

கேள்வி: என் மைனர் 1000க்கு டிஃபரன்ஷல் தேடுகிறேன். வெளிநாட்டு விளம்பரம் ஒன்றில் ‘பம்ப்கின்’ என்றும் இன்னொன்றில் ‘பேஞ்சோ’ என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
– தலவாக்கலை வாசகர்

பதில்: இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் பணம் போகும்.

‘பம்ப்கின்’ என்றால் பூசணி. பின் அக்ஸிலின் நடுவில் உருண்டு நிற்கும் பகுதியை, அதாவது எஞ்சின் வலுவை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷலை, அப்படிச் சொல்கிறார்கள். விளம்பரத்தில் பூசணி மட்டும் என்றால் கிரவுன் வீல் (பெரிய பல்சக்கரம்), அதைச் சுழற்றும் சிறிய பினியன், அவற்றைத் தாங்கும் கூடு ஆகியவைதான் வரும். அக்ஸில் தண்டுகள், வெளிக் குழாய், பிரேக் எதுவும் வராது. ‘பேஞ்சோ’ என்பது அந்த நரம்பு வாத்தியத்தின் வட்ட முகத்தைப் போன்ற வெளிக்கூட்டின் பெயர். ஹொட் ரொட் காரர்கள் 1928 முதல் 1948 வரையான ஃபோர்ட் பின்பக்க அக்ஸிலை அப்படி அழைக்கிறார்கள். அந்த அக்ஸில் உங்கள் காருக்கு ஒருபோதும் பொருந்தாது. மைனரின் அக்ஸில் கூடும் பேஞ்சோ வடிவமே. அதன் பூசணியை முன்பக்கமாகக் கழற்றி எடுக்கலாம் என்பது நமக்கு வசதி.

பெயரை நம்பி வாங்காதீர்கள். பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். கிரவுன் வீலின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவதே விகிதம். பினியன் 8, கிரவுன் வீல் 43 என்றால் 5.375; இது 803 சிசி காரில் வந்தது. 9க்கு 41 என்றால் 4.555, அது 948 சிசி. 9க்கு 38 என்றால் 4.222, அது 1098 சிசி. உங்கள் காரில் இப்போது எது இருக்கிறது என்று கழற்றாமலே அறியலாம். சமதரையில் நிறுத்தி முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வையுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பின் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி அக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் கை நீட்ட வேண்டாம். தூக்கிய சக்கரத்தை 20 சுற்றுச் சுற்ற, இன்னொருவர் கியர் பெட்டியிலிருந்து பினியனுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சுற்றை எண்ணட்டும். 45½ வந்தால் 4.555. 42க்குச் சற்று மேல் என்றால் 4.222. 54ஐ நெருங்கினால் 5.375. ஒரு சக்கரம் தரையில் அசையாமல் நிற்பதால் மற்றது இரு மடங்கு சுற்றுகிறது. 20 சுற்று என்பது கிரவுன் வீலின் 10 சுற்றுத்தான்.

948 எஞ்சினோடு நானுஓயா ஏற்றத்தில் ஓடுகிறவர் 4.222க்கு ஆசைப்பட வேண்டாம். சமவெளியில் அமைதியாக ஓடும் என்பது உண்மை. ஆனால் மேட்டில் மூன்றாம் கியர் இழுக்காமல் இரண்டிலேயே கிடக்க நேரும், இறக்கத்தில் எஞ்சினின் பிடியும் குறையும். 5.375ஐக் கழற்றி 4.555 போட்டவர்கள் வேக மீற்றரையும் மாற்ற வேண்டும். பழைய மீற்றர் 15 சதவீதம் குறைத்துக் காட்டும். 51 என்று காட்டும்போது கார் 60இல் போய்க்கொண்டிருக்கும். கிரவுன் வீலும் பினியனும் சோடி சேர்த்து உருவாக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளைச் சத்தம் கேட்கத் தொடங்கும், பிறகு பல் தேயும்.

கேள்வி: ‘த்ரீ டியூசஸ்’ என்றால் 1932 கார்கள் மூன்றா? ‘97’ என்றால் என்ன? என் 1098 சிசி மைனருக்கு இரட்டைக் கார்புரேட்டர் போட நினைக்கிறேன்.
– ஹட்டன் வாசகர்

பதில்: இங்கே டியூஸ் என்பது இரண்டு தொண்டை உள்ள கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்). அப்படிப்பட்ட மூன்று வரிசையாக நின்றால் ‘த்ரீ டியூசஸ்’. ‘97’ என்பது ஸ்ட்ரொம்பேர்க் கார்புரேட்டர். அதன் தொண்டைக் குறுக்களவு 31/32 அங்குலம், அதாவது 0.97. ஆண்டோ மொடலோ அல்ல, அளவே பெயராகிவிட்டது.

இரட்டைக் கார்புரேட்டருக்கு முன் உள்ளதைச் சரிசெய்யுங்கள். நுவரெலியாவில் காற்று கடல் மட்டத்தைவிடச் சுமார் 17 சதவீதம் அடர்த்தி குறைந்தது. கொழும்பில் சரிபார்த்த கார் இங்கே பெட்ரோலை அதிகமாகக் குடித்து, ப்ளக்கில் கரி பிடித்து ஓடும். உங்கள் மைனரின் எஸ்யூ கார்புரேட்டரில், எஞ்சின் நன்றாகச் சூடானபின், கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பாருங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடி அடங்கினால் சரி. அடியிலுள்ள ஜெட் நட்டை மேல்நோக்கித் திருகினால் பெட்ரோல் குறையும், கீழ்நோக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டுமே, அதாவது ஆறில் ஒரு சுற்று. மேலே உள்ள, பிஸ்டனின் அசைவைத் தணிக்கும் டேம்பருக்கு எஸ்ஏஇ 20 ஒயில் போதும். அது வற்றினால் அக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் திணறும். பலர் அதற்கு ஜெட்டைத் திருகிக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: ‘ஜூஸ் பிரேக்’ என்கிறார்களே, அது என்ன? ரம்பொடை இறக்கத்தில் என் காரின் பெடல் அடிவரை போய்விடுகிறது.
– கம்பளை வாசகர்

பதில்: பிரேக் ஒயிலைத்தான் ஜூஸ் என்கிறார்கள். ஃபோர்ட் கார்களில் 1938 வரை கம்பியும் தண்டும் கொண்ட பிரேக். 1939இல்தான் ஒயில் பிரேக் வந்தது. அதைக் கழற்றிப் பழைய ஃபோர்ட்டில் மாட்டுவது ஹொட் ரொட் காரர்களின் முதல் வேலைகளில் ஒன்று.

உங்கள் பிரச்சினையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெடல் கல்லாக இருந்தும் கார் நிற்காவிட்டால் லைனிங் சூடேறி வழுக்குகிறது. பெடல் பஞ்சாகி அடிவரை போய், ஆறியபின் திரும்பவும் சரியானால் ஒயில் கொதித்து ஆவியாகியிருக்கிறது. பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 தரப் பிரேக் ஒயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். நம் மூடுபனி ஊர்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவதே நல்லது. ஆறியபிறகும் பெடல் மெதுவாக அமிழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் போய்விட்டது. அன்றே காரை நிறுத்துங்கள்.

மைனரில் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுனரின் காலடித் தரைக்குக் கீழே இருக்கிறது. மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் மண்ணைத் துடையுங்கள். ஒரு மணல் விழுந்தாலும் ரப்பரைக் கீறும். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுப்பதை மிகத் தூரத்திலுள்ள இடது பின் சக்கரத்தில் தொடங்குங்கள். எஞ்சின் ஒயிலை ஒரு துளிகூட ஊற்ற வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மைனரின் முன் பிரேக் முன்னோக்கி ஓடும்போது தானே இறுகிக்கொள்ளும் வகை. மேட்டில் நின்று பின்னால் உருளும்போது அந்தப் பிடி வெகுவாகக் குறையும். ஏற்றத்தில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

கேள்வி: ‘6-71’, ‘மவுஸ்’, ‘ஸ்லஷ் பொக்ஸ்’ – பொருள் சொல்லுங்கள்.
– ஹப்புத்தளை வாசகர்

பதில்: 6-71 என்பது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் புளோவர். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் கொண்ட ஜிஎம்சி டீசல் எஞ்சினிலிருந்து கழற்றப்பட்டதால் அந்த எண். மவுஸ் (சுண்டெலி), 1955இல் வந்த செவர்லே சிறு வி8. அதன் பெரிய அண்ணன் ‘ரெட்’, பெருச்சாளி. ஸ்லஷ் பொக்ஸ், ஓட்டோ கியர்.

கேள்வி: கூரை மடக்கும் மைனருக்கு ‘ஹூட்’ வாங்க வேண்டும். எந்த நாட்டில் ஓடர் செய்வது?
– வெலிமடை வாசகர்

பதில்: இங்கிலாந்துக் கடையில் ஹூட் என்றால் துணிக் கூரை. அமெரிக்கக் கடையில் கேட்டால் பொனட்டின் விலையைச் சொல்வார்கள். நாம் டிக்கி என்பது அவர்களுக்கு ட்ரங்க், மட்காட் என்பது ஃபெண்டர், சைலன்சர் என்பது மஃப்ளர். உங்களுக்கு இங்கிலாந்துக் கடைதான் சரி. கூரைத் துணியோடு மரச் சட்டமும் பின் கண்ணாடியும் சேர்ந்து வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.