வாசகர் கேள்வி பதில்: கொழும்புக்குத் தனியாகச் சைக்கிளில் போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கிளிநொச்சியில் வேலை. பெப்ரவரி கடைசியில் ஒரு கிழமை லீவு எடுத்து, வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் தனியாகப் போக யோசிக்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு ஓடிப் பழக்கம் இருக்கிறது. அம்மா கேட்டதிலிருந்து ஒரே சண்டை. பாதுகாப்பாகப் போய்ச் சேர எப்படித் திட்டம் போட வேண்டும்?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, தாராளமாகப் போகலாம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் 65 கிலோமீற்றருக்கு மேல் வரும், அதை ஓடுகிற காலுக்குக் கொழும்பு எட்டாத தூரமில்லை. ஆனால் திட்டத்தைக் கிளிநொச்சியிலிருந்து போடத் தொடங்காதீர்கள், கொழும்பிலிருந்து பின்னுக்கு வாருங்கள். எல்லாரும் முதல் நாளை வடிவாக யோசிப்பார்கள், என்ன சாப்பாடு, எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்று. கடைசி நாளை மட்டும் ‘அது கிட்டத்தானே’ என்று விட்டுவிடுவார்கள். அப்படிப் போனால் நாலைந்து நாள் வெயிலில் களைத்த உடம்போடு, ஒரு வேலைநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, வத்தளைக்கும் பேலியகொடைக்கும் நடுவில் பஸ்ஸும் லொறியும் உரச நிற்பீர்கள். அம்மா பயப்படுவது காட்டுக்கும் யானைக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு அதைவிடப் பயம் இந்தக் கடைசி 40 கிலோமீற்றர்தான்.

ஆகவே முதல் முடிவு, கொழும்புக்குள் நுழைவது ஞாயிற்றுக்கிழமை விடிய. அதற்குச் சனி இரவு நீர்கொழும்பில் படுக்க வேண்டும். வெள்ளி சிலாபம், வியாழன் புத்தளம், புதன் நொச்சியாகம, செவ்வாய் வவுனியா, செவ்வாய் விடியத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிடுவீர்கள். முதல் இரண்டு நாளும் 75, 80 கிலோமீற்றர் வரும், அதற்குப் பிறகு நாளுக்கு 40 இலிருந்து 55 வரைதான். கடைசி நாட்களை வேண்டுமென்றே சின்னதாக வைத்திருக்கிறேன். வழியில் மழை, வயிற்றுவலி, ரயர் வெடித்தது என்று ஒருநாள் பிந்தினாலும் வெள்ளியையும் சனியையும் ஒரே நாளாக ஓடி நேரத்தைப் பிடிக்கலாம், புத்தளத்திலிருந்து நீர்கொழும்பு வரை தட்டையான பாதை.

மாதம் நல்ல மாதம். மாரி மழை விட்டிருக்கும், வாடைக் காற்று இன்னும் கொஞ்சம் இருக்கும், தெற்கே போகிற உங்களுக்கு அது முதுகுப் பக்கம். இதே பயணத்தை ஜூன், ஜூலையில் போனால் சோளகம் முகத்தில் அடிக்கும், 50 கிலோமீற்றர் 80 மாதிரிக் கால் கடுக்கும். ஒரு தொல்லை மட்டும் உண்டு, அது அறுவடைக் காலம். வன்னியில் றோட்டு ஓரம் முழுக்க நெல் காயும், நீங்கள் ஓட வேண்டிய இடத்திலேயே. நெல்லின் மேல் ஏறினால் சறுக்கும், காய வைத்தவருக்கும் வயிறு எரியும். தூரத்திலேயே கண்டு, பின்னுக்குப் பார்த்து, கையைக் காட்டி வலப்பக்கம் விலகுங்கள். கிட்டப் போய்த் திடீரென்று விலகக் கூடாது.

ஏ9 பெரிய றோட்டில் வாகனங்கள் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். தார் விளிம்பை ஒட்டி ஓடாதீர்கள், இரண்டு மூன்று அடி உள்ளே ஓடுங்கள். விளிம்பை ஒட்டினால் பின்னால் வருகிறவர் உங்களுக்காக விலகவே மாட்டார், நூலிடை இடத்தில் நுழைந்து போகத்தான் பார்ப்பார். முன்னாலும் பஸ், பின்னாலும் பஸ் என்று வந்தால் வீம்பு பிடிக்க வேண்டாம், வேகத்தைக் குறைத்துக் கிரவலில் இறங்கிவிடுங்கள். திரும்ப ஏறும்போதுதான் ஆட்கள் விழுவார்கள். தார் விளிம்பு கிரவலைவிட ஓரிரு அங்குலம் உயரமாக இருக்கும் இடங்களில் ஓடிக்கொண்டே சாய்வாக ஏறப் பார்த்தால் முன் சில்லு அந்த விளிம்போடு உரசிக்கொண்டு ஓடும், ஏறாது, ஹான்டில் திரும்பிவிடும், நீங்கள் றோட்டின் நடுவில் கிடப்பீர்கள். நின்று, இறங்கி, சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுங்கள். அரை நிமிடம் போனால் போகட்டும். பெரிய பஸ் கெதியாகக் கடந்து போகும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும். ஹான்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி வைத்திருங்கள்.

முறிகண்டியில் எல்லாரும் நிற்பார்கள், நீங்களும் பிள்ளையாரைக் கும்பிட்டு ஒரு சுருள் கச்சான் வாங்கிக்கொள்ளுங்கள், வழிக்கு நல்ல சாப்பாடு. ஆனால் அங்கே நிறுத்திய வான்களின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்ல முடியாது, கடைகள் முடியும் வரை உருட்டிக்கொண்டே போங்கள்.

சிறுநீர் கழிக்க என்று பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடிச் சிவப்புப் பலகை கண்ட இடத்தில் றோட்டை விட்டு ஒரு அடிகூட வைக்கக் கூடாது என்பது வன்னியில் வளர்ந்த உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலகை இல்லாத இடத்திலும் பெற்றோல் செற், கோயில், சாப்பாட்டுக் கடை என்று ஆட்கள் இருக்கிற இடமாகப் பாருங்கள். பெண்பிள்ளைக்கு இது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் ஓடி மயங்கி விழுந்தவர்கள் உண்டு. தண்ணீரோடு, அதில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத் தூள் இரண்டு பைக்கற்றும் வைத்திருங்கள்.

நொச்சியாகமவில் தங்கச் சொன்னது யானைக்காக. அங்கிருந்து புத்தளம் போகும் பாதை வில்பத்துக் காட்டை ஒட்டிப் போகிறது, கருவலகஸ்வெவப் பக்கம் யானை றோட்டுக்கு வரும். அநுராதபுரத்தில் படுத்தால் இருட்டோடு வெளிக்கிடத்தான் மனம் சொல்லும், வெயிலுக்குப் பயந்து. நொச்சியாகமவில் படுத்தால் வெயில் நன்றாக ஏறி வாகனங்கள் ஓடத் தொடங்கிய பிறகு, ஏழு மணிபோல் வெளிக்கிட்டாலும் மதியத்துக்குப் புத்தளம் போய்விடலாம். வழியில் வாகனங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டால் முன்னுக்குப் போய் எட்டிப் பார்க்காதீர்கள், ஒரு லொறிக்குப் பின்னால் நில்லுங்கள். படம் எடுக்கவே வேண்டாம்.

தங்கும் இடத்தை வெளிக்கிட முதலே போனில் கதைத்து உறுதி செய்யுங்கள், அடையாள அட்டை கட்டாயம். தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் வீடு கிடைத்தால் அதுதான் முதல் தெரிவு. புத்தளத்திலும் சிலாபத்தில் முன்னேஸ்வரம் கோயிலடியிலும் தமிழில் கதைத்தே காரியம் பார்க்கலாம். அக்காவுக்கு வட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்புங்கள், அது ஒருதடவைக்கு எட்டு மணித்தியாலம்தான் நிற்கும், காலையில் ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட வேண்டும். காட்டுக்குள் சிக்னல் விடுபடும், ஆகவே எந்த ஊரில் எத்தனை மணிக்குப் போன் எடுப்பீர்கள், எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் பொறுத்து அக்கா யாருக்கு அறிவிப்பா என்று முன்கூட்டியே பேசி எழுதி வையுங்கள். அந்தத் தாளை அம்மாவின் கையிலும் கொடுங்கள், சண்டை பாதி அடங்கும். அவசர அம்புலன்ஸ் 1990, காசில்லை. பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இன்றைக்கு எங்கே நிற்கிறேன் என்று பேஸ்புக்கில் போடுவதைக் கொழும்பு போய்ச் சேர்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஞாயிறு. அதிவேகப் பாதையில் சைக்கிள் விடமாட்டார்கள், போனில் வரைபடம் அந்தப் பக்கம் இழுத்தால் நம்பாதீர்கள். ஜா-எல, வத்தளை வழியான பெரிய றோட்டு ஞாயிறு காலையிலும் பரபரப்புத்தான். நான் சொல்வது கரையோரப் பாதை, பமுனுகம, உஸ்வெட்டகெய்யாவ, ஹெந்தளை என்று வந்து, களனி ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கிட்டப் பாலத்தால் மட்டக்குளிக்குள் இறங்குவது. பாதை ஒடுக்கம், ஆனால் வேகமும் குறைவு. கத்தோலிக்க ஊர்கள், விடியப் பூசைக்குக் குடும்பம் குடும்பமாகப் போவார்கள், தேவாலயங்களுக்குக் கிட்ட மெதுவாக ஓடுங்கள். மட்டக்குளியிலிருந்து முகத்துவாரம், கொட்டாஞ்சேனை வரை துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறிகள் வரும், ஞாயிறு குறைவென்றாலும் வரும். அதன் இடப்பக்கத்தில் ஒருபோதும் நிற்காதீர்கள், உயரத்தில் இருக்கிற சாரதிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள், அவர் இடப்பக்கம் திருப்பினால் பின்சில்லு உள்ளே வெட்டி வரும். பஸ்ஸையும் இடப்பக்கத்தால் முந்தக் கூடாது, ஆள் இறங்குவது அந்தப் பக்கத்தால்தான். காலிமுகத்திடல் வந்துவிட்டால் பிறகு கொள்ளுப்பிட்டியிலிருந்து கடற்கரையோரம் மரைன் டிரைவ், நேரே வெள்ளவத்தை.

திரும்பி ஓட வேண்டாம். கோட்டை ஸ்டேஷனில் சைக்கிளைப் பார்சலாக எந்த ரயிலில் ஏற்றலாம் என்று முதல்நாளே விசாரித்து, ரயிலில் வாருங்கள்.

கேள்வி: பகல் வெயிலுக்குப் பதிலாக நிலவு நாளில் இரவோடு இரவாக ஓடினால் என்ன?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: வேண்டாம். கொழும்பு பஸ்கள் ஏ9 இல் வேகம் எடுப்பதே இரவில்தான், கறுத்த மாடுகள் தார் றோட்டில் சூட்டுக்குப் படுத்திருக்கும், யானையும் அந்த நேரம்தான். எல்லாவற்றுக்கும் மேலே, சாரதிக்கும் நித்திரை, உங்களுக்கும் நித்திரை. விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு பத்தரைக்கு நிழல் தேடுங்கள், பின்னேரம் மூன்றரைக்குப் பிறகு மிச்சத்தை ஓடுங்கள். காட்டுத் துண்டு வருகிற நாளில் மட்டும் ஏழு மணி.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய லுமாலா. தூரப் பயணத்துக்குக் கியர் சைக்கிள் வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: இல்லை அண்ணை. ஏ9 இல் வவுனியா வரைக்கும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. லுமாலாவுக்கு எந்தச் சந்தியிலும் ரியூப் கிடைக்கும், எந்தக் கடைக்காரரும் கழற்றிப் பூட்டுவார். கியர் சைக்கிளின் ஒரு சின்னத் துண்டு உடைந்தால் வவுனியா வரை உருட்ட வேண்டி வரலாம். காசை வேறு இடத்தில் செலவழியுங்கள். இரண்டு ரயரும் புதிது, பிறேக் கட்டை நான்கும் புதிது, ஹான்டிலில் வலப்பக்கக் கண்ணாடி, பின்னால் சிவப்பு லைற், தலைக்கு ஹெல்மெற். சீற் உயரத்தைப் பாருங்கள், பெடல் கீழே நிற்கும்போது குதிக்காலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும், ஊரில் பாதிப்பேர் பதிவாக வைத்து முழங்காலைக் கெடுக்கிறார்கள். சாமான் முதுகில் வேண்டாம், கரியரில் இறுக்கிக் கட்டுங்கள், கட்டிய கயிற்றின் நுனி தொங்கிப் பின்சில்லுக்குள் போகாமல் முடிந்துவிடுங்கள். வெளிக்கிட ஒரு கிழமைக்கு முன் அதே பாரத்தோடு ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் போய்த் திரும்பி வாருங்கள், எது கழரும், எது கத்தும் என்று அப்போதே தெரிந்துவிடும்.