ஏழு பூங்கா, ஐந்நூறு படம்

அன்புள்ள ஐயா,

லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, முற்றம் போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கும் படிப்பு) முதலாண்டு படிக்கிறேன். போன மாதம் களப்பயணம் போனோம். இரண்டு நாளில் ஏழு பூங்காக்கள். ஆளுக்கு நானூறு, ஐந்நூறு படம் எடுத்தோம். திரும்பி வந்து அறிக்கை எழுத உட்கார்ந்தால் எந்தப் படம் எந்தப் பூங்காவில் எடுத்தது என்றே தெரியவில்லை. செயற்கைக்கோள் படமும் ட்ரோன் காணொளியும் கிடைக்கும் காலத்தில் இப்படி அலைவதால் என்ன பயன்? இல்லை, எங்களுக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டு நாளில் ஏழு என்றால் யாருக்கும் எதுவும் நிற்காது. ஒரே பூங்காவில் இரண்டு நாளும் உங்களை விட்டிருக்க வேண்டும். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை.

ட்ரோன் படத்தை நான் மட்டம் தட்ட மாட்டேன். போட்ட பாதையை விட்டுவிட்டு ஜனங்கள் புல்தரையில் குறுக்கே நடந்து உண்டாக்கிய ஒற்றையடித் தடம் மேலிருந்து பார்த்தால்தான் பளிச்சென்று தெரியும். ஆனால் நேர் மேலிருந்து எடுத்த படத்தில் எல்லாத் தரையும் தட்டை. நம் தொழிலில் பாதி வேலை சரிவோடுதான்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் வேலை ஒரு முற்றம். தண்ணீர் வடிய 50க்கு 1 சரிவு, அதாவது மீட்டருக்கு 2 செ.மீ., என்று அம்புக்குறி போட்டு, கான்டூர் கோடுகளை, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை, அழகாக வளைத்துக் கொடுத்தேன். முதல் மழையிலேயே நான் போட்ட பெஞ்சுக்கு அடியில் குளம் கட்டிவிட்டது. இரண்டு சரிவுகள் வந்து சேரும் இடத்தில் பெஞ்சை வைத்திருக்கிறேன்! தாளில் அந்தப் பள்ளம் இருந்தது. என் கண்ணில்தான் படவில்லை. அப்புறம் ரசமட்டமும் டேப்புமாகப் பல நாள் சுற்றினேன். சாய்தளம் கண்ட இடத்தில் நின்று, முதலில் கண்ணால் ஒரு மதிப்பு சொல்வேன், பிறகு அளப்பேன். முதல் மூன்று மாதம் தப்பாகவே சொன்னேன்.

சக்கர நாற்காலிச் சாய்தளத்துக்குப் பல நாட்டு விதிகளும் வைத்திருக்கும் உச்சவரம்பு 12க்கு 1. 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் நீளம். தாளில் அது ஒரு சின்னச் செவ்வகம். யாரிடமாவது ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, அந்தச் சரிவில் நீங்களே கையால் உருட்டிக்கொண்டு ஏறிப் பாருங்கள். அடுத்த முறை வரையும்போது இடம் இருந்தால் 20க்கு 1 கொடுக்கத்தான் கை போகும்.

மண்ணும் அப்படித்தான். ஒரு பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே நாடாபோல் பிதுக்குங்கள். 5 செ.மீ. தாண்டியும் அறுந்து விழாமல் நீண்டால் களிமண். எந்தப் படமும் இதைச் சொல்லாது.

களப்பயணம் என்றாலே எனக்கு ஃப்ரெடரிக் லா ஆம்ஸ்டெட் நினைவுக்கு வந்துவிடுவார். 1850இல் இங்கிலாந்தைக் கால்நடையாகச் சுற்றியபோது அவர் ஒரு அமெரிக்க விவசாயி, அவ்வளவுதான். பர்கன்ஹெட் ஊரில் ஒரு ரொட்டிக்காரர், 'எங்கள் புதுப் பூங்காவைப் பார்க்காமல் போகாதீர்கள்' என்று வற்புறுத்தினாராம். தோள்பையை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847இல் திறந்த பூங்கா அது. ஈரத் தாழ்நிலத்தில் வடிகால் போட்டு, குளம் வெட்டி, வெட்டிய மண்ணையே மேடாக்கிய வேலை. ஆம்ஸ்டெட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. தீவு மண்டபம் ஒன்றில் ஒதுங்கினார். அவரைப் போலவே ஓடிவந்தவர்களால் மண்டபம் நிறைந்தது. எல்லாத் தரப்பு மக்களும் ஏறக்குறையச் சமமாக இந்தப் பூங்காவை அனுபவிக்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்தது அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான். எட்டு வருடம் கழித்து, கால்வர்ட் வோக்ஸுடன் சேர்ந்து நியூயார்க் சென்ட்ரல் பார்க் வடிவமைப்புப் போட்டியில் ஜெயித்தார். மழையால்தான் ஜெயித்தார் என்று நான் சொல்லவில்லை. ஓர் இடத்தில் நின்றே ஆகவேண்டி வந்ததால் ஆட்களைப் பார்த்தார். உங்களுக்கு அந்த அரைமணி நேரம்கூடக் கிடைக்கவில்லை, பஸ் கிளம்பிவிட்டது.

சரி, அறிக்கைக்கு வருவோம். ஏழில் எது கொஞ்சமாவது மனதில் நிற்கிறதோ, அதை விரிவாக எழுதுங்கள். மற்ற ஆறுக்கும் ஒவ்வொரு பத்தி போதும், மார்க் குறைந்தால் குறையட்டும். எதுவுமே நிற்கவில்லை என்றால் நடந்து போகும் தூரத்தில் உள்ள ஏதாவது ஒரு பூங்காவுக்கு மழை நாளில் குடையோடு போங்கள். காலடியால் அளந்து, தரையை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பதுபோல் ஒரே ஒரு செக்‌ஷன் வரையுங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஆட்கள் எங்கே ஒதுங்குகிறார்கள் என்று அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பென்சில் போதும், ஈரத்தில் பேனா மை ஊறிவிடும்.