பூவா தலையா

ஐயா, எனக்கு 27 வயது. காரைக்குடியில் தனியார் வங்கி வேலை. சித்தப்பாவின் சம்பளம் என்னைப்போல் மூன்று மடங்கு. கூடப் படித்த கெட்டிக்காரன் ஒருவன் சிங்கப்பூரில் எங்கேயோ போய்விட்டான். மேலே இருப்பவன் மேலேயே, கீழே இருப்பவன் கீழேயே என்றுதான் வருமானப் புள்ளிவிவரங்களும் காட்டுகின்றன. கடன் வாங்கி எம்பிஏ படிக்கலாமா?

அன்புள்ள தம்பி,

எம்பிஏ பற்றி உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். கடனில் பாதி அவர் தலையில்தான் விழும்.

ஒரு வருஷத்து வருமானப் பட்டியல் 27 வயதையும் 52 வயதையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் வரிசையின் வடிவம் ஏறக்குறைய அதேதான்; ஆட்கள் இடம் மாறியிருப்பார்கள். சித்தப்பாவின் 27 வயதுச் சம்பளம் என்ன என்று கேட்டீர்களா? கேட்காமல் என்ன புலம்பல்?

எங்கள் ஐயா ரங்கூன் முகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடி) சேர்ந்து, அடுத்தாளாகி (உதவியாளர்), மேலாளானவர் (கடைப் பொறுப்பாளர்). அவருடைய பேரேட்டில் சம்பளம் மாதக் கணக்கில் இல்லை, மூன்று வருஷக் கணக்கில். வீட்டுக்குக் கொடுத்த முன்பணம் தனிப் பற்று. 1930இல் நெல் விலை விழுந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், கடன் கட்ட முடியாதவர்கள் விட்டுப்போனதில், 1938க்குள் 25 சதவீதமானது. பத்திரத்தில் நிலம், பெட்டியில் காசில்லை. 1942இல் ஜப்பான்காரன் வந்தான். மேலாள் தேவகோட்டை அரிசிக் கடையில் கணக்கெழுதினார். (நிலத்தை இழந்த பர்மிய உழவரின் கணக்கை நம் பக்கத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை.)

இதைச் சொல்வது ஆறுதலுக்கல்ல. ஆட்கள் மாறினாலும் வரிசை ஏன் மேல்பக்கம் மட்டும் நீண்டே இருக்கிறது? 1931இல் ஜிப்ரா என்ற பிரெஞ்சுக்காரர் சொன்னது: ஏற்ற இறக்கம் ரூபாயில் வருவதில்லை, சதவீதத்தில் வருகிறது. ஆயிரம் பேருக்கு ஆளுக்குப் பத்தாயிரம் கொடுங்கள். வருஷம் ஒருமுறை காசு சுண்டுங்கள். தலை விழுந்தால் 20 சதவீதம் கூட்டு, பூ விழுந்தால் 10 சதவீதம் கழி. பத்து வருஷத்தில், பாதிக்குப் பாதி விழுந்தவரிடம் சுமார் 14,700. பத்தும் பூவானவரிடம் 3,500. பத்தும் தலையானவர் ஆயிரத்தில் ஒருவர்; அவரிடம் 62,000! நடுவிலிருந்து கீழே 11,000தான் தூரம், மேலே 47,000. இதில் சோம்பேறி யார், கெட்டிக்காரன் யார்?

திறமையே கிடையாது என்று நான் சொன்னதாக நாளைக்கு எழுதாதீர்கள். நண்பனின் திறமையை மட்டும் எண்ணுகிறீர்கள், உங்கள் குறையை மட்டும் எண்ணுகிறீர்கள், அதுதான் எரிச்சல். ஒரு தாளில் இருபது பேருக்கு நீங்களே சுண்டிப் பாருங்கள். பிறகு எழுதுங்கள், அழுகையை விட்டுவிட்டு.