ஆறு வருஷம் நின்ற மாஸ்டா: சாவியைத் திருப்புவதற்கு முன்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து புதுச்சேரிக்குத் திரும்பி வந்தபோது கொண்டுவந்த 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 இப்போது எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. 1.6 லிட்டர் என்ஜின், புதுச்சேரி நம்பர். ஆறு வருஷமாக ஓட்டவில்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் ஷெட்டுக்குள் முழங்காலுக்குக் கீழ் வரை தண்ணீர் நின்றது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? ஞாயிற்றுக்கிழமைகளில் நானே வேலை செய்ய ஆசை. எதை வீட்டில் செய்யலாம், எதை வெளியே கொடுக்க வேண்டும்? முதலில் பெயின்ட் அடித்துவிடலாம் என்கிறார் தெரிந்த பெயின்டர்."

ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெயின்ட்டும் இப்போதைக்கு வேண்டாம். உங்கள் கையில் இருப்பது நல்ல கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை அது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, என்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில், கழற்றி மாட்டுவதற்கு இவ்வளவு தோதான ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். ஆனால் அது நிற்பது கடலோரத்தில். என்ஜின் பாகம் எதுவானாலும் தேடினால் கிடைக்கும். பாடி உளுத்துப்போனால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. அதனால் முதல் வேலை துருவைக் கண்டுபிடிப்பது. அடுத்தது பிரேக், அதற்கு அடுத்துதான் என்ஜின். பெயின்ட் கடைசி.

துரு எங்கே இருக்கும் என்பது இந்தக் காரில் பெரும்பாலும் ஒரே இடம்: கதவுக்குக் கீழே ஓடும் சில், அதுவும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால். காரணம் துணிக் கூரை. கூரையில் விழும் மழைத் தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் இரண்டு மூலைகளிலும் இறங்கி, ரப்பர் குழாய் வழியாகப் பின் சக்கரத்துக்கு முன்னால் வெளியே வர வேண்டும். வேப்பிலையும் புழுதியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கி, சில்லுக்குள் இறங்கிவிடும். அங்கிருந்து துரு உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே பெயின்ட்டில் ஒரு சின்னக் கொப்புளம் தெரியும்போது உள்தகடு பாதி போயிருக்கும்.

இதை இன்றைக்கே பார்த்துவிடலாம். சீட்டுக்குப் பின்னால், கூரை மடங்கும் மூலையில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் கீழே தாராளமாகக் கொட்ட வேண்டும். கொட்டவில்லை என்றால் அடைப்பு. கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ரப்பர் குழாய் கிழிந்துவிடும். உங்கள் துறைமுகப் பக்கம் வலைக் கடைகளில் கிடைக்கும் தடிமனான தூண்டில் நரம்பே போதும். முனையைத் தீயில் காட்டி மழுங்கவைத்து, கீழிருந்து மேலாகச் சுழற்றி ஏற்றுங்கள். வருஷா வருஷம் புரட்டாசி முடிவதற்குள் இதைச் செய்தால், ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கார் தாங்கும்.

பிறகு காரை ஜாக் ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சில்லை நீளவாக்கில் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று வரும் சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் சாக்பீஸால் குறியிடுங்கள். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி அதே இடங்களில் வைத்துப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் யாரோ ஏற்கெனவே பட்டி பூசியிருக்கிறார்கள். பானட்டில் காந்தம் எங்குமே பிடிக்காது. பயப்பட வேண்டாம், அது அலுமினியம். பின்னால் பெயின்ட் அடிக்கும்போது அலுமினியத்துக்கு உரிய எட்ச் பிரைமர் போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் பாளம் பாளமாக உரியும்.

வெள்ளம் சில் உயரத்தைத் தொட்டிருப்பதால் உள்ளே உள்ள கம்பளத்தை முழுக்க எடுத்து வெயிலில் போடுங்கள். அடியில் உள்ள பஞ்சு இன்னும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். இந்த மாடலில் என்ஜின் கம்ப்யூட்டர் பயணி கால் வைக்கும் பக்கத்தில், கம்பளத்துக்கு அடியில் ஒரு தகட்டின் பின்னால் இருக்கும். கழற்றி, கனெக்டர் பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிடுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் ஆயில் இரண்டையும் இறக்குங்கள். ஆயில் வெளுத்துப் பால் கலந்ததுபோல் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டியதும் இன்னொரு முறை மாற்ற வேண்டும்.

டிக்கியையும் பாருங்கள். இந்தக் காருக்கு பேட்டரி டிக்கிக்குள், வலது பக்கம். தொழிற்சாலையில் போட்டது காற்றுக் குழாய் வைத்த சீல்டு பேட்டரி. நம் ஊரில் சாதாரண பேட்டரியை வாங்கி வைத்துவிடுவார்கள். அதன் ஆசிட் ஆவி வெளியே போக வழியில்லாமல் டிக்கித் தகட்டையே அரிக்கும். பேட்டரித் தட்டுக்குக் கீழே வெள்ளைப் பொடி படிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, சுரண்டி, பிரைமர் அடியுங்கள். புதுசாக வாங்கும்போது ஆவியைக் குழாய் வழியே வெளியேற்றும் வகையாகவே கேளுங்கள்.

சில் வெட்டி ஒட்டும் வேலை வீட்டு வேலை இல்லை. நல்ல டிங்கரிங் பட்டறையில் கொடுங்கள், ஆனால் மூன்று விஷயத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். துருத் தகட்டை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும், மேலே தகடு வைத்து மூடக் கூடாது. கேஸ் வெல்டிங் வேண்டாம். சூட்டில் தகடு நெளியும், மிக் (மின்சாரத்தில் கம்பி ஊட்டி ஒட்டும்) வெல்டிங் வேண்டும். வேலை முடிந்ததும் சில்லுக்குள் கேவிட்டி வேக்ஸ் (உள்தகட்டைத் துருவிலிருந்து காக்கும் மெழுகு) ஸ்ப்ரே செய்ய வேண்டும். இந்த மூன்றாவதை யாரும் தானாகச் செய்ய மாட்டார்கள். உப்புக் காற்றில் உள்பக்கம் வெறுந்தகடாக விட்டால் புது இரும்பும் சீக்கிரமே போய்விடும்.

பிரேக் வேலையை நிதானம் இருந்தால் நீங்களே செய்யலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஆறு வருஷப் பழசு, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்திருக்கும். நாலு காலிப்பரையும் பிரித்து, சீல் கிட் மாற்றி, பின் காலிப்பர் சறுக்கும் பின்களுக்கு பிரேக் கிரீஸ் வையுங்கள். ரப்பர் ஹோஸ்கள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் இந்தக் காரின் தெரிந்த பலவீனம். விலையும் அதிகமில்லை, கூடவே மாற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்துக் காட்டிவிடுங்கள். பிரேக்கில் மட்டும் இரண்டாவது ஆள் பார்வை கட்டாயம்.

இப்போது என்ஜின். டேங்கில் இருக்கும் ஆறு வருஷப் பெட்ரோல் பிசினாகியிருக்கும். அதை இழுத்து இன்ஜெக்டருக்கு அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் பல ஆயிரம் ரூபாய்ச் செலவு. சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினால் ஒரு மூடித் தகடு இருக்கும், அதன் அடியில் பெட்ரோல் பம்ப். திறந்த வெளியில், பேட்டரி இணைப்பு இல்லாமல், பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு கைப்பம்பால் டேங்கைக் காலி செய்யுங்கள். பம்ப்பின் வலை, வலது பின் சக்கரத்துக்கு அருகே இருக்கும் ஃபில்டர், எல்லா ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களும் புதுசாகட்டும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1990இன் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஹோஸ் வாங்கும்போது அதன்மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்ற தரக்குறி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் ஹோஸ் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்குத் தாங்காது. எத்தனாலும் தண்ணீரை இழுக்கும் என்பதால் இனிமேல் காரை மாதக்கணக்கில் டேங்க்கில் பழைய பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள்.

ஸ்பார்க் பிளக் நாலையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். மறுநாள் கியரை நியூட்ரலில் வைத்து, முன்பக்க கிராங்க் புல்லி போல்ட்டில் 21 மி.மீ. சாக்கெட் மாட்டிக் கையால் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். இரண்டு முழுச் சுற்று தடையில்லாமல் வந்தால் நிம்மதி. எங்காவது முட்டினால் பலம் கொடுக்காமல் நிறுத்துங்கள்.

அந்தப் புல்லியையே ஒரு நிமிஷம் கூர்ந்து பாருங்கள். ஆரம்ப கால 1.6 என்ஜின்களில் கிராங்க் மூக்கு, அதாவது புல்லி மாட்டும் முனை, குட்டையானது. புல்லியில் 4 வெட்டுகள் இருந்தால் அந்த வகை, 8 இருந்தால் பின்னால் வந்த பலமான வகை. உங்களுடையது 1990 என்பதால் பெரும்பாலும் நாலுதான். அந்த வகையில் போல்ட் தளர்ந்தாலோ, சரியான டார்க்கில் (முறுக்கும் பலத்தில்) முறுக்காமல் விட்டாலோ, புல்லியைக் கிராங்கோடு பிணைக்கும் சாவிக்கட்டை ஆடி ஆடி கிராங்கையே தின்றுவிடும். டைமிங் பெல்ட் மாற்ற அந்த போல்ட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்தாலும் மாஸ்டா வொர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள அளவைப் பார்த்தே முறுக்குங்கள். பெல்ட்டின் வயதே போதும், கிலோமீட்டர் பார்க்க வேண்டாம், மாற்றுங்கள். அதோடு வாட்டர் பம்ப்பும், ஆயில் சீல்களும். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பது ஒரு ஆறுதல். வழியில் நின்றுபோவதோடு சரி.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பு மாறிப் பழுப்பேறியிருந்தால் அது எந்த நாளும் வெடிக்கும். புது ரேடியேட்டர் வாங்கிவிடுங்கள். கூலன்ட்டோடு கலக்க டிமினரலைஸ்டு தண்ணீர் மட்டும். கடலூர் போர் தண்ணீரை ஊற்றுவது ரேடியேட்டருக்குள் உப்பைக் கரைத்து ஊற்றுவதற்குச் சமம்.

எல்லாம் மாட்டி ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகு, இக்னிஷன் காயில் கனெக்டரையும் பெட்ரோல் பம்ப் இணைப்பையும் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். இந்த வருஷத்து மாடலில் ஆயில் பிரஷர் மீட்டர் நிஜ அளவைக் காட்டும். முள் எழுந்த பிறகே இணைப்புகளை மாட்டுங்கள். ஓடத் தொடங்கியதும் மேலிருந்து 'டக்டக்' என்று சத்தம் வரும். அது வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் வற்றியதால். புது ஆயிலில் கொஞ்சம் ஓடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். யாராவது உடனே ஹெட்டைக் கழற்றலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்பேர் பற்றி: இங்கே மாஸ்டாவுக்கு கார் ஷோரூம் கிடையாது; ஸ்வராஜ் மாஸ்டா வேனுக்கும் இதற்கும் பாகம் ஒத்துவராது. பேரிங், ஆயில் சீல், ஹோஸ், பெல்ட் போன்றவை அளவை வைத்துச் சென்னை ஜிபி ரோட்டில் கிடைக்கும். மற்றதை ஜப்பானிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வரவழைக்க வேண்டும். மாஸ்டாவே 2017இல் இந்த முதல் தலைமுறைக்கு ரெஸ்டோரேஷன் திட்டம் அறிவித்து, துணிக் கூரை உட்படச் சில பாகங்களை மறுபடி தயாரிக்கத் தொடங்கியது. ஜப்பானிய ஸ்டார் ஸ்க்ரூவின் வெட்டு சற்று வேறு மாதிரி. ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை உள்ள டிரைவர் ஒன்று வாங்காமல் எதையும் கழற்றாதீர்கள், தலை வழுக்கிவிடும். பின் சஸ்பென்ஷன் நீள போல்ட்டுகள் புஷ்ஷோடு ஒட்டிப்போயிருக்கும். பெனட்ரேட்டிங் ஆயிலைத் தினமும் தெளித்து ஒரு வாரம் விடுங்கள். அவசரப்பட்டு கேஸ் டார்ச்சால் சூடேற்றாதீர்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கிறது.

காரை மூட பாலிதீன் தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். காற்று போகும் பருத்தி உறையே நல்லது. கூரையை விரித்தே வையுங்கள். மடக்க நேர்ந்தால் பின் பிளாஸ்டிக் கண்ணாடியின் ஜிப்பைத் திறந்த பிறகே மடக்குங்கள். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுவதால் சைலன்ஸருக்குள் தண்ணீர்தான் சேரும். ஓட்டினால் அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டுங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போய் வந்த அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

டிங்கரிங்குக்கு முன்பணம் கொடுக்குமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்க முடியும். 2025 ஆகஸ்டில் வந்த மாற்றத்தின்படி 20 ஆண்டு தாண்டிய இறக்குமதிக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 80,000 ரூபாய். வின்டேஜ் சலுகை 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கே; உங்கள் காருக்கு அது 2040இல்தான். புதுச்சேரி நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவும் செய்ய வேண்டும். பெரியப்பா பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்து எல்லாவற்றுக்கும் தேவைப்படும். பெயின்டரிடம் கொண்டுபோகும் நாள் வரும்போது கார் ஓடினாலும்கூட, ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும் கையில் இல்லாமல் புதுச்சேரி ரோட்டில் ஓட்டிப் போகாதீர்கள். பிளாட்பெட் லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.